ஜைரோ அணைத்த பிறகும்

டிசம்பர் 2, செவ்வாய்

சங்கத்து அறிவிப்புப் பலகையில் பொங்கல் போட்டிகளின் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். கோலம், இசை நாற்காலி, உறியடி, சாக்கு ஓட்டம். ஐந்தாவதாக, 'மொபைல் துப்பாக்கிச் சண்டை, ஒருவருக்கு ஒருவர், வயது வரம்பு இல்லை'. கேரம் இல்லை. மூன்று முறை படித்தேன். பின்பக்கம் ஏதும் எழுதியிருக்கிறதா என்று தாளைத் தூக்கியும் பார்த்தேன்.

இந்தச் செண்பகம் குடியிருப்பில் ஒன்பது பொங்கல் தொடர்ந்து கேரத்தில் முதல் பரிசு வாங்கியவன் நான். பத்தாவது பொங்கலில், அதாவது போன ஜனவரியில், இறுதி ஆட்டத்தில் சி பிளாக் மும்தாஜ் டீச்சரிடம் தோற்றேன். காரணம் பவுடர். ஈரப் பவுடரில் ஸ்ட்ரைக்கர் நேராகப் போகாது. இது குறித்துச் சங்கத்துக்கு அப்போதே மூன்று கடிதம் எழுதினேன். நகல்கள் என்னிடம் இருக்கின்றன. பதில் ஒன்றுகூட இல்லை.

செயலாளர் கலியபெருமாளிடம் போய்க் கேட்டேன். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பொதுவாக யாருக்கும் பயப்படாதவர். கேரம் பலகையைக் கரையான் அரித்துவிட்டது என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, என் செருப்பைப் பார்த்தார். சங்க அறைச் சாவியை வாங்கிப் போய்ப் பலகையைச் சோதித்தேன். நான்கு பக்கமும் அளந்தேன். ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலி பிடித்தவனிடம் இந்தப் பொய்.

கேரத்தை எடுத்தால் தைரியநாதன் ஒதுங்கிவிடுவான் என்று நினைத்திருக்கிறார்கள். துப்பாக்கிச் சண்டைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.

அமலோற்பவத்துக்குச் சம்மதமில்லை. "அதெல்லாம் வேணாங்க. கோலப் போட்டிக்கு நடுவரா இருங்க. நேர்கோடு பாக்க உங்கள விட்டா ஆளு யாரு" என்றாள். மனைவி என்பவள் நம் பக்கம் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் குறிக்க வேண்டும். சில மாதங்களாகக் காபி அரை டம்ளர்தான் வருகிறது. கேட்டால், ஆறிப்போகும், மீதியைச் சூடாகத் தருகிறேன் என்கிறாள். தருகிறாள்தான். ஆனால் அரை அரையாக.

டிசம்பர் 3, புதன்

விளையாட்டை போனில் இறக்கினேன். பெயர் கேட்டது. 'ப. தைரியநாதன், ஓய்வு பெற்ற நில அளவர்' என்று அடித்தேன். இடம் போதாமல் 'ப. தைரியநாதன், ஓய்' என்பதோடு நின்றுவிட்டது. திருத்த வேண்டுமென்றால் முப்பது நாள் கழித்துத்தான் முடியுமாம். கிராம நத்தத்தில் பட்டா மாற்றம்கூட இதைவிடச் சுலபம்.

விளையாட்டு இதுதான். பாழடைந்த கிடங்கு ஒன்று. இரண்டு முனைகளில் இருவர் இறங்குகிறார்கள். இடது கட்டைவிரலால் நடக்க வேண்டும், வலது கட்டைவிரலைத் திரையில் இழுத்துக் குறி வைக்க வேண்டும். ஒருவர் விழுந்தால் ஒரு சுற்று முடிந்தது. முதலில் மூன்று சுற்று எடுப்பவர் வெற்றி.

இன்று பன்னிரண்டு ஆட்டம் ஆடினேன். முப்பத்தாறு முறை செத்தேன். யாரோ 'தக்காளி சாதம்' என்ற பெயரில் வந்தவன் என்னைச் சுட்டுவிட்டு என் சடலத்தின் மேல் ஆடினான்.

டிசம்பர் 5, வெள்ளி

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். சென்சிட்டிவிட்டி.

விரல் இவ்வளவு நகர்ந்தால் துப்பாக்கி இவ்வளவு திரும்ப வேண்டும் என்ற விகிதத்துக்குத்தான் இந்தப் பெயர். வரைபடத்துக்கு அளவுகோல் எப்படியோ அப்படி. அதை அமைப்புகளில் கூட்டலாம், குறைக்கலாம். கம்பெனிக்காரன் நூறு என்று வைத்துக் கொடுத்திருக்கிறான். நூறு என்றால் நூறு என்ன? டிகிரியா, சதவீதமா, நூறு மாடா? அலகு போடாத எண்ணை நான் என் பணிக்காலத்தில் எந்த நிலத்தின் புலப்படத்திலும் அனுமதித்ததில்லை.

கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. மகிழ்ச்சியாக விளையாடுங்கள் என்று எழுதி, கீழே ஒரு மஞ்சள் முகம் சிரித்தது. நினைவூட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

டிசம்பர் 8, திங்கள்

அவர்கள் சொல்லாவிட்டால் நானே அளந்துகொள்கிறேன். திரையின் கீழ் ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்கேலை ஒட்டினேன். கிடங்கின் வடக்குச் சுவரில் இருக்கும் ஆணியைக் குறியாக வைத்து, கட்டைவிரலை இழுத்து, கிழக்குச் சுவர் ஆணிக்குத் திருப்பினேன். தொண்ணூறு டிகிரிக்கு இரண்டு சென்டிமீட்டர் நான்கு மில்லிமீட்டர். வரைபடத்தாளில் குறித்தாயிற்று.

ஆனால் கருவியில் ஒரு குறை தெரிகிறது. விரலைத் திரையில் வைத்துச் சும்மா நிறுத்தினால், குறியைக் காட்டும் சிவப்புப் புள்ளி நிற்பதில்லை. ஆணிக்கு இடது பக்கமும் வலது பக்கமும் துடிக்கிறது. நொடிக்கு நான்கைந்து முறை. மலிவான போன்களில் இப்படித்தான் இருக்கும்போல.

சென்சிட்டிவிட்டியை எண்பதுக்குக் குறைத்தேன். துடிப்பு சற்றுக் குறைந்தது.

டிசம்பர் 11, வியாழன்

யூடியூபில் 'தோட்டா துரை' என்று ஒருவன் இந்த விளையாட்டுக்குப் பாடம் எடுக்கிறான். கத்துகிறான், ஆனால் விஷயம் தெரிந்தவன். சென்சிட்டிவிட்டியை ஆளுக்கு ஆள் மாற்றி வைக்க வேண்டும், அடுத்தவன் எண்ணைக் காப்பி அடிக்காதே என்கிறான். அவன் காட்டிய கோணத்தில் மூன்று டிகிரி தவறு இருந்தது. என் அளவீட்டு விவரங்களோடு கீழே கருத்து எழுதினேன். புள்ளி துடிப்பதையும் கேட்டேன்.

'ஓய் தல, நீங்க தெய்வம். ஜைரோவ ஆஃப் பண்ணிப் பாருங்க' என்று பதில் போட்டிருக்கிறான். நானூறு பேர் அதற்கு விருப்பக்குறி இட்டிருக்கிறார்கள். என்னைக் கிண்டல் செய்கிறார்களா மதிக்கிறார்களா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு பதில் எழுதினேன்.

டிசம்பர் 13, சனி

வங்கியில் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று முறை போட்டேன். கவுன்டரில் இருந்த பெண் இரண்டாவது முறையே பரவாயில்லை சார் என்றது. பரவாயில்லை என்று சொல்ல இது என்ன கோலமா? பேனா சரியில்லை. வேறு பேனா வாங்கினேன்.

காலண்டரில் 18-ஆம் தேதித் தாளில் அமலோற்பவம் ஏதோ டாக்டர் பெயரும் நேரமும் எழுதி வைத்திருக்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி. போய் வரட்டும்.

டிசம்பர் 15, திங்கள்

ஜைரோ என்பது ஜைரோஸ்கோப். போன் சாய்ந்தால் துப்பாக்கியும் சாயும் ஏற்பாடு. அதை அணைத்தேன். புள்ளி துடிக்கிறது.

மின்விசிறியின் அதிர்வாக இருக்கலாம். எல்லா விசிறிகளையும் நிறுத்தினேன். துடிக்கிறது. புறவழிச்சாலை லாரிகளாக இருக்கலாம். எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி மேசைமேல் வைத்து அரைமணி நேரம் பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை, ஆக லாரி இல்லை. கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். அசைந்தது. மேசை விளிம்பெல்லாம் தண்ணீர். கிண்ணத்தின் அடி சமமாக இல்லை.

விசிறி இல்லாமல் உட்கார முடியாது என்று அமலோற்பவம் மும்தாஜ் டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டாள். எதிரி முகாம். அதைச் சொன்னேன். "அவங்க வீட்ல ஃபேன் ஓடுதுங்க" என்றாள்.

டிசம்பர் 18, வியாழன்

அமலோற்பவம் டாக்டரிடம் போகவில்லை. என்னையும் கூட வரச் சொன்னாள். எனக்கு வேலை இருந்தது. மேலும் முழங்கால் அவளுடையது. தாளைக் கிழிக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தப் பெயரையும் நேரத்தையும் புது வருடக் காலண்டரில் ஜனவரி தாள் ஒன்றில் எழுதினாள்.

சென்சிட்டிவிட்டி நாற்பது.

டிசம்பர் 20, சனி

என் பழைய முக்காலியைப் பரணிலிருந்து இறக்கினேன். கோணம் அளக்கும் தியோடலைட் கருவியை நிறுத்துவதற்காக வைத்திருந்தது. அதன் தலையில் போனை மரச்சட்டம் போட்டு இறுக்கினேன். ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தினேன். இனி போன் அசைய வழியே இல்லை. கூடத்தின் நடுவில் நின்று, ஒரு கண்ணை மூடி, விளையாடினேன்.

கலியபெருமாள் ஏதோ கேட்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன சார், உங்க வீட்டையே அளக்கிறீங்களா?"

போட்டிக்குப் பயிற்சி என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் அமலோற்பவத்தைப் பார்த்தார். வந்த விஷயத்தைச் சொல்லாமலே போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சு.

முக்காலியிலும் துடிக்கிறது.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். பூசையில் மெழுகுவர்த்தி இரண்டையும் அமலோற்பவமே பிடித்துக்கொண்டாள். இந்த வருட மெழுகு ஒழுகும் ரகம்.

டிசம்பர் 28, ஞாயிறு

முதல் சுற்று, அரை இறுதி எல்லாம் இன்றே நடந்தன. ஏழு பேர். நான் இறுதிக்கு வந்துவிட்டேன். எப்படி என்பதை எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது அதிர்ஷ்டம் என்று சொல்வார்கள்.

இருபது நாளாக அந்தக் கிடங்கை நான் முறைப்படி அளந்திருக்கிறேன். எத்தனை வாசல், எந்த வாசலிலிருந்து எந்தத் தூணுக்கு எத்தனை அடி, எல்லாம் என் புலப்படத்தில் இருக்கிறது. அவசரக்காரன் எவனும் மூன்றாம் வாசல் வழியாகத்தான் வருவான். அதுதான் குறுக்கு வழி. நான் சென்சிட்டிவிட்டியை ஐந்துக்கு இறக்கிவிட்டேன். ஐந்தில் துப்பாக்கி ஏறக்குறையத் திரும்பவே திரும்பாது. புள்ளியும் துடிக்காது. மூன்றாம் வாசலுக்கு நேராகத் துப்பாக்கியை எல்லைக்கல்லைப்போல நட்டுவிட்டு, ஒரு பீப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். நான் யாரையும் குறி பார்ப்பதில்லை. வருகிறவர்கள் என் குறிக்குள் வந்து நிற்கிறார்கள்.

உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கும் தம்பி மூன்று முறையும் அதே வாசலில் ஓடி வந்தார். ஏ பிளாக் பல் டாக்டர் கடைசிச் சுற்றில், "சார், கொஞ்சம் நகருங்க சார். ஒரு மரியாதைக்காவது நகருங்க" என்று கெஞ்சினார். விதிமுறையில் நகர வேண்டும் என்று எங்கும் இல்லை.

இறுதி ஆட்டம் காணும் பொங்கலன்று. எதிரே மும்தாஜ் டீச்சர். துபாயில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு இரண்டு வருடமாக விளையாடுகிறாராம். ஒரு ஆட்டத்தில்கூட அவர் மூன்றாம் வாசலைப் பயன்படுத்தவில்லை. பின்னால் உட்கார்ந்து என் ஆட்டம் முழுவதையும் பார்த்தார், முறுக்குக் கடித்துக்கொண்டே.

டிசம்பர் 31, புதன்

மும்தாஜ் டீச்சர் மூன்றாம் வாசலில் வர மாட்டார். முப்பது வருடம் கணக்கு நடத்தியவர். அவரை நான்தான் தேடிப்போக வேண்டும். தேடிப்போனால் திரும்ப வேண்டும். திரும்ப வேண்டுமானால் சென்சிட்டிவிட்டி நாற்பதாவது வேண்டும். நாற்பதில் புள்ளி துடிக்கிறது.

எனவே துடிப்பின் மூலத்தைக் கண்டுபிடித்தே தீர வேண்டும். கடைசியாக ஒரு வழி இருக்கிறது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஏன் செய்யவில்லை என்று தெரியவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

தியோடலைட்டில் ஒரு கோணத்தை ஒரு முறை மட்டும் படித்து எழுதுகிறவன் சர்வேயரே அல்ல. தொலைநோக்கியைக் கவிழ்த்து, கருவியின் முகத்தை மாற்றி, அதே கோணத்தை மறுபடி படிக்க வேண்டும். முகம் மாறியதும் பிழையும் பக்கம் மாறினால் அது கருவிப் பிழை. எதை மாற்றினாலும் பிழை மாறாமல் நின்றால் அது ஆள் பிழை. பார்ப்பவனிடம் இருக்கிறது. அப்போது ஆளை மாற்ற வேண்டும். என் கீழ் வேலை பார்த்த இரண்டு பேரை நானே அப்படி மாற்றியிருக்கிறேன்.

காலை பத்து மணிக்குத் தொடங்கினேன். சென்சிட்டிவிட்டி நாற்பது, ஜைரோ இல்லை, முக்காலி, விசிறி இல்லை.

என் போன், என் வலது கை: துடிக்கிறது. அமலோற்பவத்தின் போன், என் வலது கை: துடிக்கிறது. அமைப்புகளில் பொத்தான்களைப் பக்கம் மாற்றிப் போட்டு, என் போன், என் இடது கை: நின்றது. அவள் போன், என் இடது கை: நின்றது.

அமலோற்பவத்தைக் கூப்பிட்டு வலது கட்டைவிரலைத் திரையில் வைக்கச் சொன்னேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இந்த விளையாட்டை அவள் தொட்டதே இல்லை. புள்ளி ஆணியின் தலையில் போய் உட்கார்ந்தது. பல்லி மாதிரி. எடுக்கட்டுமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் வை என்றேன். வைத்திருந்தாள். அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது, அப்போதும் எடுக்கவில்லை.

மூன்று முறை திருப்பிச் செய்தேன். மூன்று முறையும் அதே முடிவு.

அட்டவணையை முடித்து, கீழே பிழையின் வகை என்ற இடத்தில் எழுத வேண்டியதை எழுதினேன். கையொப்பம் போடவில்லை.

ஜனவரி 3, சனி

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

இன்றும்.

ஜனவரி 5, திங்கள்

காபி வந்தது. அரை டம்ளர். கையில் வாங்காமல், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

அமலோற்பவம் எதிரில் உட்கார்ந்தாள். "போன பொங்கலுக்கு முன்னாடியே தெரியும்."

பவுடர் ஈரமாக இருந்தது என்றேன்.

"பவுடர நான்தாங்க வாங்கிக் கொடுத்தேன். புது டப்பா."

கேரம் பட்டியலில் இல்லாதது அவளுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாவது, அவளே போய்க் கலியபெருமாளிடம் சொல்லி எடுக்கச் சொல்லியிருக்கிறாள். கரையான் மட்டும் அவருடைய சொந்தச் சரக்காம்.

எழுந்துவிட்டேன். நான் தோற்பதைப் பார்க்க அவ்வளவு வெட்கமாக இருந்தால் வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"நீங்க தோக்குறதப் பாக்குறதுல எனக்கு என்னங்க வெக்கம்? தோத்துட்டு வந்து ஒரு வருஷமா பவுடரத் திட்டுறீங்க. பேனாவத் திட்டுறீங்க. கிண்ணத்தத் திட்டுறீங்க. மெழுகுவர்த்திய விட்டு வைக்கல. அதான் பாக்க முடியல." பிறகு காலண்டரைக் காட்டினாள். "இருபதாம் தேதி. மூணு வாட்டி மாத்தி வாங்கியிருக்கேன். முழங்காலுக்கு இல்ல."

போட்டி முடியட்டும் என்றேன். முடிந்ததும் வருவீர்களா என்று கேட்டாள். போட்டி முடியட்டும் என்றுதானே சொன்னேன்.

ஜனவரி 6, செவ்வாய்

கலியபெருமாளுக்குக் கடிதம்: 'சென்ற ஆண்டு கேரம் பவுடர் தொடர்பாக நான் எழுதிய மூன்று கடிதங்களையும் இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன். ஆயினும் கரையான் குறித்துத் தாங்கள் தந்த தகவல் தவறானது என்பதைப் பதிவு செய்கிறேன்.' நகல் எடுத்துக்கொண்டேன். எழுத்து சற்றுக் கோணல். பேனாவை மாற்றவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

அறிவிப்புப் பலகையில் புதிய தாள். இறுதி ஆட்டத்தைச் சங்கக் கூடத்தில் புரொஜக்டர் வைத்துப் பெரிய திரையில் காட்டப்போகிறார்களாம். பத்தடிக்கு ஆறடி. இரண்டு போனும் அருகருகே தெரியும். நூற்றுப்பத்து வீட்டுக்கும் அழைப்பு.

கணக்குப் போட்டேன். என் போனில் புள்ளி நான்கு மில்லிமீட்டர் துடிக்கிறது. பெரிய திரையில் அது பத்து மடங்காகி நான்கு சென்டிமீட்டர் வரும்.

விலகிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எழுதிவிட்டேன், எனவே அடிக்கவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

இடது கையில் பழகுகிறேன். பொத்தான்களெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருக்கின்றன. நடக்க வேண்டிய இடத்தில் சுடுகிறேன், சுட வேண்டிய இடத்தில் நடக்கிறேன். 'தக்காளி சாதம்' திரும்ப வந்து என் மேல் ஆடினான். ஆனால் புள்ளி நிற்கிறது. சென்சிட்டிவிட்டி ஐம்பத்தைந்தில் நிற்கிறது.

இடது கையால் ஆடினால் ஏன் என்று நூற்றுப்பத்து வீடும் கேட்கும். வலது கையால் ஆடினால் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.

ஜனவரி 14, புதன்

மும்தாஜ் டீச்சர் வீட்டுப் பிரியாணி வந்தது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முகத்தில் ஒரு இரக்கம் தெரிந்தது. பத்து வருடமாக என்னைப் பார்த்து அந்த முகத்தை அவர் வைத்ததில்லை. கேரத்தில் என்னை ஜெயித்த அன்றுகூட, "போர்டக் கொஞ்சம் பாத்து ஆடுங்க சார்" என்று நக்கலாகத்தான் சொன்னார். அந்த நக்கல் முகமே எனக்குப் போதும்.

பிரியாணியில் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் சரியாகத்தான் இருந்தது.

ஜனவரி 17, சனி. காணும் பொங்கல்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை நான்கு மணிக்குக் கூடம் நிரம்பிவிட்டது. திரையில் என் பெயர் 'ப. தைரியநாதன், ஓய்' என்று ஓரடி உயரத்தில் வந்தது. சிரித்தார்கள். முப்பது நாள் முடிந்த பிறகும் மாற்றவில்லை. பழகிவிட்டது.

முதல் சுற்றை வலது கையால் ஆடினேன். அதற்கும் ஒரு வாய்ப்புத் தர வேண்டும் அல்லவா. சென்சிட்டிவிட்டி நாற்பது. டீச்சர் இரண்டாம் வாசல் பக்கம் தூணுக்குப் பின்னால் தெரிந்தார். குறியை அவர் மேல் கொண்டுபோனேன். திரையில் அந்தச் சிவப்புப் புள்ளி அவருடைய இடது தோளுக்கும் வலது தோளுக்கும் நடுவே அடித்துக்கொண்டது. சிரிப்பு நின்றது. சுண்டல் கொறிக்கும் சத்தமும் நின்றது. ஒன்பது தோட்டா சுட்டேன். ஒன்பதும் சுவரில். டீச்சர் ஒன்றுதான் சுட்டார்.

அந்த அமைதியில் பல் டாக்டர் பின்வரிசையிலிருந்து உதவியாகச் சொன்னார். "சார், ஜைரோ ஆன்ல இருக்கு. ஆஃப் பண்ணிடுங்க, சரியாயிடும்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நல்ல காரணம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். அமலோற்பவம் முதல் வரிசையில் இருந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் முழுவதும் நான் ஜைரோவைத் திட்டப்போவதைக் கேட்கத் தயாராக இருந்தவள்போல.

எழுந்து நின்றேன்.

"ஜைரோ அணைத்திருக்கிறது. போனில் கோளாறு இல்லை. போன வருடம் பவுடரிலும் கோளாறு இல்லை. என் வலது கை நடுங்குகிறது. செயலாளர் குறித்துக்கொள்ளவும்."

கலியபெருமாள் உண்மையாகவே குறிப்பேட்டைத் திறந்து எழுதினார். எழுதி முடித்துவிட்டு, எந்தத் தேதியிலிருந்து என்று போடட்டும் சார் என்று கேட்டார். அவர் அப்படிப்பட்டவர். போன பொங்கலிலிருந்து என்றேன்.

பிறகு பொத்தான்களை இடது கைக்கு மாற்ற நேரம் கேட்டேன். ஆறு நிமிடம் பிடித்தது. நூற்றுப்பத்து வீடும் என் அமைப்புப் பக்கத்தைப் பத்தடியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஐம்பத்தைந்து, ஜைரோ இல்லை, எல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ரகசியம் என்று இனி ஒன்றுமில்லை.

இரண்டாம் சுற்று. டீச்சர் மூன்றாம் வாசல் வழியாக வந்தார். ஓடிவரவில்லை, நடந்து வந்தார். வாசலின் நடுவில் வந்து நின்றார். சுட்டேன், விழுந்தார். கூடம் முழுக்கக் கைதட்டல்.

நான் போனைக் கீழே வைத்தேன். "டீச்சர், அந்த வாசலில் நீங்கள் வர மாட்டீர்கள். வந்தது வேண்டுமென்றே வந்தது. இந்தச் சுற்றை நான் ஏற்கவில்லை."

கலியபெருமாள் தலையில் கை வைத்தார். "சார், ஜெயிச்சதுக்கு யாராவது புகார் கொடுப்பாங்களா?"

எழுத்து மூலமாகத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

மும்தாஜ் டீச்சர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த இரக்க முகம் போய்விட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரி சார். அப்ப நல்லா வாங்கிக்கங்க."

திரும்ப ஆடிய இரண்டாம் சுற்று ஒன்பது நொடியில் முடிந்தது. எங்கிருந்து சுட்டார் என்றுகூடத் தெரியவில்லை. மூன்றாம் சுற்றில் நான் பீப்பாயை விட்டு எழுந்தேன். இந்தப் போட்டியில் முதன்முறையாக நடந்தேன். என் புலப்படத்தின்படி நான்காம் தூணிலிருந்து பார்த்தால் மாடிப்படியின் ஒரு ஓரம் தெரியும். டீச்சர் அங்கே இருந்தார். இடது கட்டைவிரலை வைத்தேன். புள்ளி அவர் நெற்றியில் போய் உட்கார்ந்தது. பல்லி மாதிரி. ஒரே தோட்டா.

யாரும் உடனே கைதட்டவில்லை. நான் இதற்கும் ஆட்சேபம் சொல்வேனோ என்று என்னைப் பார்த்தார்கள். சொல்லவில்லை. அதன் பிறகுதான் தட்டினார்கள். அமலோற்பவம்தான் முதலில் தட்டினாள்.

நான்காம் சுற்றும் டீச்சருக்கே. மூன்றுக்கு ஒன்று. தோல்வி.

திரை செங்கோணத்தில் கட்டப்படவில்லை. வலது மேல் மூலை ஒன்றரை டிகிரி சரிந்திருக்கிறது. இது குறித்துச் செயலாளரிடம் சொன்னேன். தோல்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அடுத்த வருடம் கேரம் உண்டா என்று கேட்டேன்.

"உண்டு சார். கரையான் போயிருச்சு."

எந்தக் கை என்று டீச்சர் பின்னாலிருந்து கேட்டார். இடது என்றேன். "அப்ப இப்பவே தோத்துட்டதா நெனச்சுக்கங்க சார்" என்றார். நல்ல மனுஷி.

ஜனவரி 20, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். அமலோற்பவம் முழங்காலையும் காட்டிக்கொண்டாள். அதிலும் ஏதோ இருக்கிறதாம்.

எத்தனை நாளாக நடுக்கம், எப்போது அதிகம், எப்போது குறைவு என்று டாக்டர் கேட்டார். நாற்பத்து நான்கு நாள் வரைபடத்தாள்களை மேசைமேல் வைத்தேன். காலை, மாலை, எத்தனை மில்லிமீட்டர், நொடிக்கு எத்தனை முறை, எல்லாம் இருந்தது. டாக்டர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். சென்சிட்டிவிட்டி நாற்பது என்று எழுதியிருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். விளக்கினேன். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டும்வரை விளக்கினேன்.

ஒரு தாளில் நத்தைச் சுருளைப்போல் வரையச் சொன்னார். அளவுகோல் என்ன என்று கேட்டேன். அப்படி எதுவும் இல்லை, சும்மா வரையுங்கள் என்றார். சும்மா வரைந்தேன். வலது கைச் சுருள் கரடுமுரடான வாய்க்கால்போல வந்தது. இடது கைச் சுருள் பரவாயில்லை. இரண்டின் கீழும் கை எது என்று எழுதி, கையொப்பம் போட்டுக் கொடுத்தேன். 2-ஆம் தேதி அட்டவணையிலும் அங்கேயே கையொப்பம் போட்டேன்.

நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். நீளமான பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை. இது என் நாட்குறிப்பு.

"சின்ன அளவுல ஆரம்பிக்கலாம் சார். கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாப்போம். ஒருத்தருக்குச் சரியா வர்றது இன்னொருத்தருக்கு வராது. நீங்க இதே மாதிரி குறிச்சுட்டு வாங்க."

தோட்டா துரையும் இதைத்தான் சொன்னான். ஆளுக்கு ஆள் மாற்றி வைக்க வேண்டும். ஒரு வருடமாக அமலோற்பவம் டாக்டர், டாக்டர் என்றுதான் சொன்னாளே தவிர, அளவு சரிசெய்கிற வேலை என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன். ஆட்டோவில் திரும்பும்போது இதை அவளிடம் சொன்னேன். தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

மாலைக் காபி முக்கால் டம்ளர் இருந்தது. இடது கையில் வாங்கினேன். சிந்தவில்லை.